மழையிடம் தவணை கேட்டவர்

மேகத்தைக் கையை வீசி விரட்டுகிற ஒரு மனிதரோடு நான் சில வருடங்கள் ஒரே வேனில் வேலைக்குப் போய்வந்தேன். காயப்போட்ட தானியத்தைக் கொத்த வந்த கோழியை விரட்டுவதுபோல "சூ, சூ" என்றுதான் விரட்டுவார். எங்கள் பட்டாசுக் கம்பெனியில் அவர் போர்மேன். நான் அங்கே ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். சிவகாசியிலிருந்து வரும் வேன், ஏழாயிரம்பண்ணைக்குப் போகிற வழியில் அவருடைய ஊர் விலக்கில் நின்று அவரை ஏற்றிக்கொள்ளும். கம்பெனி கேட்டில் முதலில் இறங்குகிறவரும் அவர்தான். இறங்கியவர் உள்ளே போகமாட்டார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு நாலு பக்கமும் வானத்தைப் பார்ப்பார். எங்கேயாவது ஒரு துண்டு மேகம் கண்ணில் பட்டால் போதும்.

"போயிரு தாயி, போயிரு. தீவாளி கழிச்சு வா. யாரு உன்ன வேண்டாம்னா?"

அவருக்குப் பெண்கள் எல்லோரும் தாயிதான். நான் தாயி, சரவெடி பின்னுகிற பெண்கள் தாயி, கேன்டீனில் டீ ஊற்றுகிற லட்சுமியக்கா தாயி. மழையும் அந்த வரிசையில் ஒருத்தி. அதனால் மழையைத் திட்டும்போதுகூட ஒரு மரியாதை இருக்கும். வேனில் இருக்கிற பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். ஆனால் அவர் விரட்டுவதற்கு முன்னாலேயே அவர்களும் மேகத்தைப் பார்த்திருப்பார்கள், மனசுக்குள் விரட்டியும் இருப்பார்கள். மழை வந்தால் சரக்கு காயாது. சரக்கு காயாவிட்டால் வேலை கிடையாது. எங்கள் ஜில்லாவை வானம் பார்த்த பூமி என்பார்கள். பட்டாசு வந்த பிறகும் வானத்தைத்தான் பார்த்தோம், என்ன, மழை வந்துவிடக் கூடாதே என்று பார்த்தோம்.

கேட்டுக்கு உள்ளே வாட்ச்மேன் மேஜை மேல் ஒரு பீங்கான் தட்டில் கல் உப்பு வைத்திருப்பார். மேகத்தை விரட்டி முடித்ததும் அந்த உப்பை விரலால் அளைந்து பார்ப்பார். பொலபொலவென்று உதிர்ந்தால் வெடிமருந்து கலக்குகிற ரூம் திறக்கும். கசிந்துபோய் விரலில் ஒட்டினால் அன்றைக்குக் கலவை கிடையாது. பெரிய முதலாளியே நின்று கேட்டாலும் கிடையாது. சின்ன முதலாளி, காற்றில் ஈரம் எவ்வளவு என்று காட்டுகிற ஒரு மீட்டர் வாங்கி மாட்டினார். மனிதர் அதையும் விட்டுவைக்கவில்லை. மீட்டர் சரி என்றால் போய் உப்பைப் பார்ப்பார், உப்பு சரி என்றால் வந்து மீட்டரைப் பார்ப்பார். இரண்டில் எது பயப்படச் சொல்கிறதோ அதைத்தான் நம்புவார்.

வெள்ளிக்கிழமைகளில் பெரிய கூத்து நடக்கும். தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வருகிற பெண்களை உள்ளே விடமாட்டார். கேட்டுக்கு வெளியே வெயிலில் வரிசையாக நிறுத்தி வைப்பார்.

"சொட்டுதுல்ல? காயட்டும். அம்புட்டு முடிய வச்சுக்கிட்டு காலைல என்ன குளியலு?"

"அண்ணாச்சி, உங்க வீட்ல மயினி குளிக்கிறதே கெடையாதா?" என்று ஒருத்தி கேட்பாள்.

"குளிப்பா. நான் கெளம்புனப்பெறகு."

எனக்கு அவரைப் பிடிக்கும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆபீஸில் எங்களுக்குள் அவருக்கு 'உப்புத்தட்டு' என்று பெயர் வைத்திருந்தோம். அவர் காதிலும் விழுந்திருக்கும். ஒன்றும் சொன்னதில்லை.

ஈரம் என்றால் அவர் இப்படிப் பதறுவதற்கு என்ன காரணம் என்று லட்சுமியக்காதான் ஒருநாள் சொன்னாள். நான் வேலையில் சேருவதற்கு முன்னால் நடந்தது. அப்போது மேற்கேயிருந்து வருகிற ஓடை எங்கள் கம்பெனி நிலத்துக்கு நடுவே போய்க்கொண்டிருந்தது. ஒரு மழைக்காலத்தில் அது கரை புரண்டு ஒரு மருந்து ரூமுக்குள் புகுந்துவிட்டது. முழங்கால் அளவுகூட இல்லை, தரையை நனைத்த தண்ணீர்தான். அலுமினியப் பொடி கலந்த மருந்தில் ஈரம் பட்டால் அது தன்னாலேயே சூடேறும். மறுநாள் காலையில், கதவைத் திறந்து ரூமைக் காயவிடுங்கள் என்று இரண்டு பெண்களை அனுப்பினார் இவர். திறந்தார்கள். அவ்வளவுதான். அந்த இரண்டு பேரையும் அவர் தாயி என்றுதான் கூப்பிட்டிருப்பார்.

அதற்கப்புறம் அவரே முன்னால் நின்று ஓடையைத் தூர்த்தார். கம்பெனிக்குள் வருகிற இடத்தில் கனமாகச் சுவர் எழுப்பினார். தூர்த்த ஓடையின் மேல் சிமெண்டுக் களம் போட்டு, அதில் சரக்குக் காயவைத்தார். பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வந்ததில்லை, ஒரு உயிரும் போகவில்லை. அந்தச் சுவருக்குக் கிழக்கே, அந்த ஓடையை நம்பி ஒரு கண்மாய் இருந்தது. அது அவருடைய சொந்த ஊர்க் கண்மாய்.

ஊர்க்காரர்கள் அப்போது சண்டைக்கு வரவில்லை. வீட்டுக்கு ஒரு ஆளாவது எங்கள் கம்பெனியில் இருந்தார்கள். தொடர்ந்து வறட்சி வருடங்கள் வேறு. ஓடையிலேயே தண்ணீர் இல்லாதபோது யார் யாரோடு சண்டை போடுவது? கண்மாய்க்குள் சீமைக்கருவேலம் மண்டியது. குடிதண்ணீரை டிராக்டரில் குடம் கணக்கில் விற்றார்கள். அவருடைய தங்கை பேச்சியம்மாள், புருஷனைப் பறிகொடுத்தவள், அந்தக் கருவையை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுத்து விற்றுப் பிழைத்துக்கொண்டிருந்தாள். கண்மாய்க்குக் கீழே அண்ணன் தங்கை இரண்டு பேருக்கும் சேர்த்து இரண்டு குறுக்கம் நிலம் இருந்தது, அதிலும் கருவைதான்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு கம்பெனிகள் எல்லாம் ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற பேச்சு வந்தது. சூலக்கரை கலெக்டர் ஆபீஸில் ஒரு கூட்டம் போட்டு, ஆளுக்கொரு கண்மாயை எடுத்துத் தூர்வாருங்கள், மரம் வையுங்கள், பறவை பட்சி திரும்பி வரட்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். சின்ன முதலாளி ரொம்ப சந்தோஷமாக ஒப்புக்கொண்டு வந்தார். கோயம்புத்தூரில் படித்தவர், நல்ல மாதிரி. எந்தக் கண்மாயை எடுக்கலாம் என்று ஆபீஸில் பேச்சு நடந்தபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். முதலாளி முன்னால் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற போர்மேன் அன்றைக்குத் தானாக வாயைத் திறந்தார்.

"எங்க ஊருக் கம்மா கெடக்கு மொதலாளி."

"அதுக்குத் தண்ணி வரணுமே அண்ணாச்சி? ஓடைய நம்மதான அடைச்சு வச்சிருக்கோம்."

"அதுக்கு ஒரு வழி இருக்கு." அவர் மேஜை மேல் விரலால் கோடு போட்டுக் காட்டினார். "தீவாளியோட நம்ம ரூம் பூராம் காலி. கழுவி விட்டுருவோம். மறுபடி பூசை போட்டுத் தொறக்க கார்த்திகை ஆயிரும். அந்த இடைவெளிதான் மொதலாளி. செவத்துல ஒரு பலகை மடை வச்சிருவோம். களத்துக்கு நடுவால ஒரு வாய்க்கா கீறிருவோம். தீவாளி மறுநாளு பலகையத் தூக்கினா, ஓடத்தண்ணி உள்ள வந்து நேரா கம்மாக்குப் போயிரும். தொறக்குறதுக்கு முந்தி அடைச்சிருவோம். நல்ல மள ஒண்ணு போதும்."

வேறு வழியும் இல்லை. சுற்றிக்கொண்டு போகலாம் என்றால் வடக்கே பக்கத்துக் கம்பெனிச் சுவர், தெற்கே மேடான தார் ரோடு.

சின்ன முதலாளி சிரித்தார். "மழை என்ன தீபாவளி பாத்தா வரும் அண்ணாச்சி?"

"நான் பேசிக்கிடுறேன் மொதலாளி."

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. வேறு எந்தச் சீமையிலும் இப்படி ஒரு யோசனை ஒருவருக்கும் தோன்றியிருக்காது. எங்களுக்கு மட்டும் அது ரொம்ப நியாயமாகப் பட்டது. எங்கள் வருஷமே தீபாவளியில் முடிந்து தீபாவளியில் தொடங்குவது. கல்யாணம், கடன், வீடு கட்டுவது எல்லாம் தீபாவளிக்கு முன், தீபாவளிக்குப் பின் என்றுதான் எங்களுக்கு. மழையும் அப்படி வந்தால் என்ன குறைந்துபோய்விடும் என்று நினைத்தோம்.

கருவையை வேரோடு எடுப்பதற்கு ஊர் சம்மதிக்க வேண்டும். கண்மாய்க்கரையில் கூட்டம் போட்டார்கள். போட்டோ எடுப்பதற்காக என்னையும் அனுப்பியிருந்தார்கள். பேச்சியக்காவை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். கை இரண்டும் முழங்கை வரைக்கும் கரி.

"ஏண்ணே, கருவையப் பூராம் பிடுங்கிட்டா நான் எதப் பொசுக்கிக் கஞ்சி குடிக்க?"

"ஒரு வருசம் பல்லக் கடிச்சுக்கோ பேச்சி. ஐப்பசி கழிஞ்சா கம்மா பெருகிரும். நம்ம நெலத்துல மல்லி போடுவோம். மல்லி போட்டு எம்புட்டு நாளாச்சு?"

"நெசமாத்தான் சொல்றியா?"

"நான் எதுக்குப் பொய் சொல்லப்போறேன்?"

பேச்சியக்கா கரிக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "சரி, வெட்டட்டும். மளய நம்பி விடலண்ணே. நீ சொல்றன்னு விடுறேன்" என்றாள். கரி மூட்டம் போடுகிற மற்ற பெண்களும் அவள் பின்னாலேயே கை தூக்கினார்கள். அந்தக் கூட்டத்தில் அவருடைய வாக்கைத் தவிர யாரும் எதையும் நம்பியதாக எனக்குத் தெரியவில்லை.

ஜேசிபி வந்தது. ஒரு மாதத்துக்கு மேல் வேலை நடந்தது. கருவை வேர்களைக் குவித்துக் கொளுத்தினார்கள். வண்டல் மண்ணை விவசாயிகள் அள்ளிப் போனார்கள். கரையை உயர்த்தி மருது, நாவல், நாட்டுக்கருவேலம் நட்டார்கள். கண்மாய்க்கு நடுவில் பறவைகள் வந்து தங்க ஒரு மண்திட்டு எழுப்பினார்கள். கம்பெனி பெயரைப் பொறித்த கல் ஒன்றும் நட்டாயிற்று. கொக்குக்கு வீடு கட்டின ஊர் என்று பக்கத்து ஊர்க்காரர்கள் கேலி செய்தார்கள். வேலை முடிந்தபிறகு அந்தக் கண்மாய் அவ்வளவு சுத்தமாக இருந்தது. ஒரு முள் கிடையாது. இவர் மாலையில் வேனிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போகாமல் நேராகக் கரைக்குப் போய் நிற்பார் என்று கேள்விப்பட்டேன்.

அந்த வருடம் அவர் மேகத்தை விரட்டுவதே மாறிப்போயிற்று. சூ என்கிற சத்தத்தைக் காணோம். கேட்டுக்கு வெளியே நின்று, வீட்டுக்கு வந்த விருந்தாளியைச் சமாதானப்படுத்துகிற குரலில் பேசினார்.

"இப்ப இல்ல தாயி. செத்த பொறு. உனக்குப் பலகையெல்லாம் வச்சாச்சு. வாய்க்கா கீறியாச்சு. தீவாளி மட்டும் கழிஞ்சுரட்டும்."

புரட்டாசியில் காலண்டர் வந்தது. அடுத்த வருடத்துக் காலண்டர்களை இந்த வருடம் முடியும் முன்பே அடித்துத் தள்ளுவது சிவகாசி வழக்கம். எங்கள் கம்பெனிக் காலண்டரில் இந்த முறை கண்மாயைப் போடச் சொல்லியிருந்தார் சின்ன முதலாளி. போட்டோ எடுத்தது ஆடி மாதத்தில், மண்தான் இருந்தது. பிரஸ்ஸில் கம்ப்யூட்டரில் தண்ணீரை நிரப்பிவிட்டார்கள். திட்டின் மேல் நாலைந்து நாரைகளையும் உட்கார வைத்திருந்தார்கள். மாதிரித் தாள் ஆபீஸுக்கு வந்தபோது போர்மேன் அதை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இம்புட்டு நிக்குமா தாயி?"

"அது கம்ப்யூட்டர்ல ஊத்துன தண்ணி அண்ணாச்சி."

"எதுல ஊத்துனா என்ன? நெறஞ்சா நல்லாத்தான் இருக்கு."

அந்தத் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். பேச்சியக்கா அதைச் சோற்றுப் பசையால் வீட்டுச் சுவரில் ஒட்டிவைத்திருப்பதைப் பின்னால் பார்த்தேன்.

தீபாவளிக்கு ஒரு வாரம்கூட இல்லாத சமயம் மழை வந்தது. வருடத்திலேயே கம்பெனி திணறிக்கொண்டிருக்கிற நாட்கள் அவை. எல்லா ரூமிலும் மருந்தும் பாதி முடிந்த சரக்கும், கேட்டில் லாரிகள், ஆபீஸில் ஓயாமல் போன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் இருட்டிக்கொண்டு வந்தது. அவர் வெளியே போய் நின்றார். நான் ஜன்னல் வழியே பார்த்தேன். விரட்டவும் இல்லை, கெஞ்சவும் இல்லை, கைகளைத் தொங்கப்போட்டுக்கொண்டு சும்மா நின்றார். உள்ளே வந்து உப்பில் விரலை வைத்தார். பிறகு ஒவ்வொரு ரூமாக ஓடி ஆட்களை வெளியே அனுப்பி, கதவுகளை அடைத்து, இடுக்கில் எல்லாம் சாக்கைத் திணித்தார்.

அப்படி ஒரு மழையை நான் எங்கள் பக்கத்தில் பார்த்ததில்லை. இரண்டு மணி நேரம் ஊற்றியது. எத்தனையோ வருடம் கழித்து அந்த ஓடையில் தண்ணீர் வந்தது. செக்கச்செவேல் என்று, முள்ளும் குப்பையுமாகப் புரண்டு வந்து எங்கள் மேற்குச் சுவரில் முட்டி நின்றது. நிற்க நிற்க ஏறியது. நல்ல தண்ணீர், ஒரு கண்மாய் அளவுக்குத் தண்ணீர்.

ஊர் திரண்டு வந்துவிட்டது. சாக்கைத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு பெண்கள், கடப்பாரையோடு நாலைந்து ஆண்கள், எல்லோருக்கும் முன்னால் பேச்சியக்கா. சுவரில் பலகை வைத்த இடத்தில் போர்மேன் நின்றுகொண்டிருந்தார்.

"பலகையத் தூக்குண்ணே."

"இன்னைக்கு ஆகாது பேச்சி."

"தண்ணி நிக்குதுண்ணே. அங்கன பாரு. கண்ணு முன்னால நிக்குது."

"ரூம் பூராம் மருந்து கெடக்கு. உள்ள ஒரு விரக்கட தண்ணி போனாலும் நாளைக்குக் கதவத் தொறக்குறவ போவா."

"கருவைய வெட்டயில இதச் சொன்னியா?"

"சொன்னேன். தீவாளி கழிச்சுன்னு சொன்னேன்."

"எங்ககிட்டச் சொன்ன. மளகிட்டச் சொன்னியா?"

"அவகிட்டயும் சொன்னேன் பேச்சி. தினமும் சொன்னேன்."

யாரும் சிரிக்கவில்லை. ஒருவன் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு சுவர் பக்கம் போனான். போர்மேன் பலகைக்கு முதுகைக் கொடுத்து அப்படியே சகதியில் உட்கார்ந்துவிட்டார். "ஏலே, நாலாம் நம்பர் ரூம்ல ஒம் பொண்டாட்டிதான வேல பாக்கா? நாளைக்கு அவளத்தான் கதவத் தொறக்கச் சொல்லணும். இடி. என்னயும் சேத்து இடி" என்றார். அவன் கடப்பாரையைக் கீழே போட்டான். அவன் பெண்டாட்டி அந்தக் கூட்டத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். பலகையைத் தூக்கச் சொல்லிக் கத்தியவர்களில் அவளும் ஒருத்தி.

நான் ஆபீஸ் போனில் சின்ன முதலாளியைப் பிடித்தேன். "அண்ணாச்சியப் பாத்துச் செய்யச் சொல்லுங்க, அவருக்குத் தெரியும்" என்று சொல்லி வைத்துவிட்டார். அந்த வாக்கியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிகிறது. கல்லில் பெயர் பொறிக்கும்போது கம்பெனி. பலகையில் முதுகைக் கொடுத்து உட்காரும்போது அண்ணாச்சி.

தண்ணீர் ஏறி ஏறித் தெற்கே தார் ரோட்டைத் தாண்டியது. தாண்டிய இடத்தில் ரோட்டை அரித்துக்கொண்டு பள்ளத்தில் விழுந்து சாத்தூர்ப் பக்கம் ஓடியது. ஊரே நின்று அது போவதைப் பார்த்தது. சாயங்காலத்துக்குள் சுவர் ஓரத்தில் நுரையும் குப்பையும்தான் மிஞ்சியிருந்தது. கண்மாயில் நேராகப் பெய்த மழைத் தண்ணீர் மட்டும் கணுக்கால் அளவுக்கு நின்றது. நாலு நாளில் அதையும் மண் குடித்துவிட்டது.

தீபாவளி முடிந்தது. மறுநாளே, ஊரெல்லாம் தூங்கிக்கொண்டிருந்தபோது, போர்மேன் வாட்ச்மேனை எழுப்பிக் கேட்டைத் திறந்து ரூம்களைக் கழுவியிருக்கிறார். கழுவி முடித்ததும் பலகைக்குச் சந்தனம் பூசி, பூ வைத்து, அவரே தூக்கியிருக்கிறார். அப்புறம் கம்பெனி மூடியிருந்த நாட்களில் தினமும் வந்தாராம். வெளியே நின்று வானத்தைப் பார்த்து, "வா தாயி, வா. எல்லாம் காலியா இருக்கு, வா" என்று கூப்பிடுவாராம். கையை எப்படி அசைப்பது என்று தெரியாமல் தடுமாறுவார் என்று வாட்ச்மேன் சொன்னார். விரட்டிப் பழகிய கை. வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. கார்த்திகையில் பூசை போட்டு ரூம்களைத் திறந்தபோது பலகையை அவரே இறக்கினார். உப்பு அன்றைக்குப் பொலபொலவென்று இருந்தது.

அடுத்த வருடமும் அப்படித்தான். முந்தி வந்தது, பிந்தி வரவில்லை. அதற்கடுத்த வருடம் முந்தியும் வரவில்லை, பிந்தியும் வரவில்லை. கரையில் வைத்த கன்றுகளுக்குக் கொஞ்ச நாள் டிராக்டரில் தண்ணீர் ஊற்றினார்கள். பிறகு டிராக்டர் வரவில்லை. சூலக்கரையில் நடந்த விழாவில் எங்கள் கம்பெனிக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். தகுதியில்லாமல் கொடுத்தார்கள் என்றும் சொல்லமுடியாது. கண்மாயை உண்மையிலேயே நன்றாகத்தான் தூர்வாரியிருந்தோம்.

பேச்சியக்காவுக்குப் பொசுக்கக் கருவை இல்லை. கம்பெனியில் வேலை கேட்டு அண்ணனிடம் வந்தாள். நான் அப்போது கேட்டில் நின்றேன்.

"மருந்து ரூமுக்குள்ள உன்ன நான் விடமாட்டேன் பேச்சி."

"மத்த பொம்பளைகள மட்டும் விடுற?"

 அவர் அவளுக்கு வேறு வேலை பிடித்துக் கொடுத்தார். வெடிக்கு வேண்டிய காகிதக் குழாய் உருட்டுகிற வேலை. மருந்து கிடையாது, வெறும் காகிதமும் பசையும், வீட்டிலிருந்தே செய்யலாம். பேச்சியக்காவைப் பார்த்துக் கரி மூட்டம் போட்டுக்கொண்டிருந்த மற்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். உருட்டிய குழாய் நன்றாகக் காய வேண்டும். தெருவில் இடம் போதவில்லை, ஆடு மிதித்தது. நிழல் இல்லாமல், முள் இல்லாமல், சமதளமாக, அகலமாக ஓர் இடம் வேண்டியிருந்தது. அப்படி ஓர் இடம் ஊரில் ஒன்றுதான் இருந்தது. அதை முதலில் யார் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. அவராக இருக்கக் கூடாது என்று மட்டும் நினைத்துக்கொள்வேன்.

நான் வேலையை விடும்போது அவரும் கம்பெனியிலிருந்து நின்றுவிட்டார். கல்யாணப் பத்திரிகை வைப்பதற்காக அவர் ஊருக்குப் போனேன். புரட்டாசி மாதம், உச்சி வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. வீட்டில் மயினி, "எங்கன இருப்பாக, கம்மாக்கரையிலதான்" என்று கையைக் காட்டினாள்.

அவர் கண்மாய் மடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மடைக்கல்லின் மேல் அதே பீங்கான் தட்டு, அதில் உப்பு. கீழே கண்மாய் முழுக்கக் காகிதக் குழாய்கள். சாக்கு விரித்து, பழைய சேலை விரித்து, ஒரு கரையிலிருந்து மறுகரை வரைக்கும் பரப்பியிருந்தார்கள். கொக்குக்குக் கட்டின திட்டின் மேல் இரண்டு சின்னப் பிள்ளைகளைத் தொட்டில் கட்டித் தூங்கப்போட்டிருந்தார்கள். பெண்கள் குனிந்து குழாய்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

"வா தாயி. சாப்பிட்டியா?" என்றார். பத்திரிகையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"உப்ப இங்கயும் கொண்டாந்துட்டீகளா அண்ணாச்சி?"

"எல்லாம் என்னயக் கேட்டுத்தான் பரப்புறாளுக" என்றார். "நல்லாக் காயுது தாயி. நம்ம களத்த விட நல்லாக் காயுது."

பேசிக்கொண்டிருக்கும்போதே கிழக்கே ஒரு மேகம் எழுந்தது. நல்ல கறுப்பு. காற்றில் மண்வாசம்கூட வந்தது. கண்மாய்க்குள் கூச்சல் கிளம்பியது. ஆளுக்கொரு மூலையாக ஓடிச் சாக்கின் முனைகளைப் பிடித்து வாரிச் சுருட்ட ஆரம்பித்தார்கள். நட்ட நடுக் கண்மாயில், பேச்சியக்கா நிமிர்ந்து நின்று வானத்தைப் பார்த்துக் கையை வீசினாள்.

"சூ, சூ! போயிரு தாயி, போயிரு. தீவாளி கழிச்சு வா!"

அவள் ஆரம்பித்ததும் மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். "போயிரு தாயி! போயிரு தாயி!" கண்மாய்க்குள் இருந்த அத்தனை பேரும் கையை வீசினார்கள். சின்னப் பிள்ளைகள் விழித்துக்கொண்டு அழுதன.

நான் அவரைப் பார்த்தேன். அவருடைய வலது கை பாதி உயர்ந்து அப்படியே நின்றது. வீசவும் இல்லை, இறக்கவும் இல்லை. கண்ணீர் கன்னத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. என்ன சொல்லுவது? ஒரு ஊரே தன் கண்மாய்க்குள் நின்றுகொண்டு தண்ணீரை விரட்டுகிறது. அது அவரிடம் கற்றுக்கொண்ட வார்த்தை.

கொஞ்ச நேரத்தில் மேகம் கலைந்து தெற்கே போய்விட்டது. பெண்கள் சிரித்துக்கொண்டே சாக்குகளைத் திரும்ப விரித்தார்கள். பேச்சியக்கா கீழேயிருந்து, "அண்ணே, உப்பப் பாத்துச் சொல்லு" என்று சத்தம் போட்டாள். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தட்டில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, பரப்பலாம் என்று கையைக் காட்டினார். பிறகு ஏதோ ஞாபகம் வந்ததுபோல என் பத்திரிகையைப் பிரித்தார்.

"கல்யாணம் எந்த மாசம் தாயி?"

"ஐப்பசி அண்ணாச்சி. வீட்டு வாசல்லதான். மழைக்காலமா இருக்கேன்னு அம்மா யோசிக்குது."

அவர் என் தலையில் கை வைத்தார்.

"பயப்படாம நடத்துங்க தாயி. மள வராது" என்றார்.